முறிந்த எலும்புக்கு மூன்று நிமிடப் படம்

பிளேட்டும் ராடும் எலும்பை ஒட்டவைப்பதில்லை. முறிந்த துண்டுகளைச் சரியான இடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவற்றின் வேலை. சேர்க்கும் வேலையை உடம்பு செய்கிறது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே மென்மையான இணைப்புத் திசு திரள்கிறது. பிறகு அது வாரக்கணக்கில் கெட்டிப்பட்டு எலும்பாகி, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு நன்றாகப் பிடிக்கப் பெரியவர்களுக்குச் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். அதுவரை சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது உலோகம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்த கட்டுக்கம்பி கடைசியில் ஒடிந்துபோவது போல, எலும்பு சேராமலே நாட்கள் நீண்டால் எவ்வளவு உறுதியான பிளேட்டும் ஒருநாள் உடைந்துவிடும். 1958-ல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய ஏ.ஓ. குழு வகுத்த நான்கு விதிகளை இன்றும் உலகெங்கும் எலும்பு முறிவு சிகிச்சை கற்பவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். துண்டுகளைச் சரியாகப் பொருத்த வேண்டும்; அசையாமல் நிறுத்த வேண்டும்; ரத்த ஓட்டத்தைக் கெடுக்கக் கூடாது; மூட்டுகளையும் தசைகளையும் சீக்கிரம் அசைக்கத் தொடங்க வேண்டும். முதல் மூன்றும் ஆபரேஷன் தியேட்டருக்குள் சர்ஜன் செய்பவை. நான்காவது, நோயாளி தன் வீட்டில் செய்ய வேண்டியது. அதை அவர் செய்வாரா, எப்படிச் செய்வார் என்பதெல்லாம் அவருக்கு என்ன புரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு விஷயத்தைப் புரியவைப்பதும் சிகிச்சைதான். நேரம் கிடைத்தால் செய்யலாம் என்று தள்ளிவைக்கக்கூடிய உபசாரமாக அதைக் கருதக் கூடாது. அந்தச் சிகிச்சையைக் கொடுக்க இன்று நம் கையில் இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று, சின்னச் சின்ன வீடியோக்கள். ஆனால் அவற்றுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒரு படம் சிகிச்சையின் ஒரே ஒரு கட்டத்துக்கு உரியதை மட்டும் சொல்ல வேண்டும். அது தேவைப்படும் வேளையில் நோயாளியின் கைக்கு வர வேண்டும். அதைப் பார்த்து முடித்த பிறகு ஒரு மனிதர் பக்கத்தில் வந்து பேச வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வீடியோ வெறும் விளம்பரமாகிவிடும்.

நோயாளியின் நடத்தை முடிவை எவ்வளவு தூரம் மாற்றுகிறது என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு முறிந்த கால்களை அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்களுக்கு எலும்பு சேரும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. சீழ் பிடிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். வார்டில் படுத்திருக்கும் ஆண்களில் எத்தனை பேருக்கு, பீடிக்கும் தன் காலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதே தெரியும்? நுரையீரல் கெடும், புற்றுநோய் வரும் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். எலும்பு ஒட்டாது என்று கேட்டவர்கள் குறைவு. முழங்கை முறிவை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டு இறுகிவிட்டதே என்ற கவலையில் வீட்டில் எண்ணெய் போட்டு நீவி, கையை வலிக்க வலிக்க மடக்கி நீட்டுவார்கள். அன்போடு செய்வதுதான். ஆனால் அப்படி வற்புறுத்தினால் தசைக்குள்ளே எலும்பு வளர்ந்து, இறுகிய மூட்டு இன்னும் இறுகும் ஆபத்து இருக்கிறது. மணிக்கட்டு முறிந்தவர் வலிக்குப் பயந்து விரல்களை அசைக்காமலே வைத்திருந்தால், கட்டுப் பிரிக்கும் நாளில் எலும்பு சேர்ந்திருக்கும், கை விறைத்திருக்கும். சர்க்கரை நோயாளி ஆபரேஷன் முடிந்த களைப்பில் மாத்திரையை விட்டால் புண் ஆறாது. இவற்றில் ஒன்றையும் சர்ஜனின் கைத்திறனால் தடுக்க முடியாது. தெரிந்துகொண்ட நோயாளியும் தெரிந்துகொண்ட குடும்பமும் தடுக்கலாம்.

இவ்வளவு அவசியமான விஷயத்தைக் கேட்டுக்கொள்ள, எலும்பு முறிந்தவரைவிட மோசமான நிலையில் இருப்பவர் இல்லை. முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு வருபவர் மாதக்கணக்கில் யோசித்து, நாலு பேரிடம் கேட்டு, நாள் பார்த்து வருகிறார். எலும்பு முறிந்தவர் எதையும் தேர்ந்தெடுத்து வரவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பியவர் பத்து மணிக்கு ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் மட்டும் காயம்பட்டவர்கள் 4,43,366 பேர் என்கிறது அரசின் கணக்கு. பதிவாகாதவற்றையும், மாடிப்படியிலும் குளியலறையிலும் விழுந்தவர்களையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை இன்னும் பெருகும். வலியும், வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கமும், வண்டி என்ன ஆயிற்று, சம்பளம் போய்விடுமா, போலீஸில் எழுதிக் கொடுத்தாகிவிட்டதா என்ற கவலைகளும் மூளையை நிறைத்திருக்கும்போதுதான் நாம் பேசுகிறோம். சாதாரண நிலையில் உள்ள நோயாளிகளே, மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துவிடுகிறார்கள், நினைவிருப்பதிலும் ஏறக்குறைய பாதி தவறாகப் பதிந்திருக்கிறது என்று 2003-ல் ராய் கெசல்ஸ் என்ற நரம்பு உளவியலாளர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். ஒரே மூச்சில் எவ்வளவு அதிகம் சொல்கிறோமோ அவ்வளவு அதிகம் மறந்துபோகிறது. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் இவர்களைவிட நன்றாக நினைவு வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

இப்போது நடைமுறையில் விளக்கம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்ப்போம். காலை ரவுண்ட்ஸில் ஒரு படுக்கைக்குச் சில நிமிடங்கள். மருத்துவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். நோயாளியிடம் "நாளைக்கு ஆபரேஷன், பிளேட் வைக்கணும்" என்கிறார்கள். மாலையில் ஒரு பயிற்சி மருத்துவர் கையெழுத்து வாங்குகிறார். அப்போது பக்கத்தில் இருந்த உறவினர் மறுநாள் ஊருக்குப் போய்விடுகிறார். வேறொருவர் துணைக்கு வருகிறார். வீட்டில் சமைத்துப் போட்டு, குளிக்கவைத்து, எழுப்பி உட்காரவைக்கப் போகிறவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ. அவரோ மருத்துவர் பேசிய எந்த வேளையிலும் அங்கே இருந்திருக்க மாட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். அதில் "என்.டபிள்யூ.பி. 6 வாரம்" என்று எழுதியிருக்கும். ஆறு வாரத்துக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்பது அதன் பொருள். ஒருவரின் கால் சேருமா சேராதா என்பதையே தீர்மானிக்கக்கூடிய அந்த உத்தரவு, அவரால் படிக்க முடியாத மொழியில், படித்தவராலும் புரிந்துகொள்ள முடியாத சுருக்கெழுத்தில் வீட்டுக்குப் போகிறது. பிறகு அவர் ஊன்றி நடந்து பிளேட் வளைந்து வந்தால், சொன்னபடி கேட்கவில்லை என்று அவர்மேல் பழி விழுகிறது. அவருக்குச் சொல்லவே இல்லை என்பதுதான் பல சமயம் உண்மை.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு மணி நேரப் படம் எடுத்தால் பயனில்லை. கல்வி வீடியோக்களைப் பற்றி நன்கு அறியப்பட்ட பெரிய ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசி, படம் எவ்வளவு நீளமானாலும் பார்வையாளர் ஈடுபாட்டோடு பார்ப்பது நடுமதிப்பில் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று அது கண்டது. அவர்கள் வலி இல்லாத, தாங்களே விரும்பிச் சேர்ந்த மாணவர்கள். நம் நோயாளிக்கு அதில் பாதி போதும் என்பது என் கணிப்பு. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல வருடச் சோதனைகளில் நிறுவிய நெறிகளும் இதையே சொல்கின்றன: பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் நன்றாகப் பதியும், தேவையில்லாத இசையும் அலங்காரமும் கவனத்தைத் திருடும், படத்தைக் காட்டிக்கொண்டே பேசினால் புரியும், அதே பேச்சை முழுக்கத் திரையில் எழுத்தாகவும் ஓடவிட்டால் குழப்பும். ஆகவே எலும்பு முறிவு நோயாளிக்கு வேண்டியது ஒரு படமல்ல, ஐந்தாறு படங்கள் கொண்ட ஒரு வரிசை. சேர்ந்த அன்று ஒன்று, ஆபரேஷனுக்கு முந்தின மாலை ஒன்று, மறுநாள் காலை ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று, தையல் பிரிக்கும்போது ஒன்று, ஆறாவது வார எக்ஸ்ரேயின்போது ஒன்று.

சேர்ந்த அன்று காட்டும் படம் உயிரையும் உறுப்பையும் காப்பதாக இருக்க வேண்டும். காலில் அடிபட்டு வீங்கும்போது, தசைகளைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போகலாம். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881-ல் விவரித்த கை முடக்கம் இதன் பின்விளைவுதான். இறுக்கமான கட்டுக்குள் கிடந்த கைகளில் அவர் அதைக் கண்டார். இதற்கு முதல் அறிகுறி, மருந்து போட்டும் ஏறிக்கொண்டே போகும் வலி. விரலை மெல்ல நீட்டிவிட்டாலே உயிர் போவது போன்ற வலி. இதை முதலில் உணர்பவர் நோயாளி, முதலில் பார்ப்பவர் துணைக்கு இருப்பவர். "அடிபட்டா வலிக்கத்தான் செய்யும்" என்று பொறுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே ஆபத்து. எந்த வலியைப் பொறுக்கலாம், எந்த வலிக்கு உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம். அதே படம் இன்னொரு சந்தேகத்தையும் தீர்க்க வேண்டும்: ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை? கணுக்கால் வீங்கித் தோல் பளபளவென்று இருக்கும்போது கத்தி வைத்தால் புண் ஆறாது. வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தெரியும்வரை காத்திருப்பதே நல்லது. இதைச் சொல்லாவிட்டால், காத்திருப்பது அலட்சியமாகத் தோன்றும். நடு இரவில் நோயாளியை வேறு இடத்துக்குக் கூட்டிப்போக வண்டி பேசுவார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின மாலைப் படத்தில், நோயாளிகள் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகளுக்கும் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கும் பதில் வேண்டும். உள்ளே வைக்கும் கம்பி துருப்பிடிக்குமா? எல்லாருக்கும் பிறகு எடுத்தாக வேண்டுமா? முதுகில் போடும் ஊசியால் ஆயுசுக்கும் இடுப்பு வலி வருமா? எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாமா? இவை எல்லா நோயாளிகளுக்கும் பொதுவானவை, பதிலும் ஏறக்குறைய பொதுவானது. இவற்றைப் படம் சொல்லிவிட்டால், மருத்துவருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடம் இந்த ஒரு நோயாளிக்கு மட்டும் உரியதைப் பேசுவதற்கு மிஞ்சும்: உங்கள் எலும்பு எத்தனை துண்டாகியிருக்கிறது, உங்கள் சர்க்கரையால் என்ன சிக்கல் வரலாம், ஆபரேஷன் இல்லாமல் மாவுக்கட்டோடு விட்டால் உங்களுக்கு என்ன ஆகும். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், மறுத்தால் நேரக்கூடியது ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு தரும் சம்மதமே சட்டத்தின் கண்ணில் சம்மதம். அச்சடித்த படிவத்தின் கீழே வாங்கிய பெருவிரல் ரேகை, புரிந்ததற்குச் சான்று ஆகாது.

வீட்டுக்குப் போகும் வேளைக்கான படத்தில்தான் வீடியோ காகிதத்தை முழுமையாக வெல்கிறது. வாக்கரை எப்படிப் பிடிப்பது, காலைத் தொட்டு மட்டும் வைப்பது எப்படி, பாதிச் சுமை என்றால் எவ்வளவு என்பதை எந்தத் தமிழில் எழுதினாலும் பத்து பேர் பத்து விதமாகப் புரிந்துகொள்வார்கள். ஊன்றுகோலோடு படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்பது எழுத்தில் புதிர். கண்ணால் பார்த்தால் ஒரு தடவையில் விளங்கும். தரையில் உட்காரும் வீடு, இந்தியக் கழிப்பறை, கயிற்றுக் கட்டில் ஆகிய நம் வீட்டுச் சூழலில் எப்படிச் சமாளிப்பது என்பதை வெளிநாட்டுப் படம் எதுவும் காட்டாது. சாப்பாட்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சீழ் வைக்கும் என்று முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தி, ஏற்கெனவே இளைத்திருக்கும் பெரியவருக்குக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கும் பத்தியம் பல வீடுகளில் உண்டு. புண் ஆறவும் எலும்பு சேரவும் புரதம் தேவை. தடை செய்யப்படும் முட்டையும் மீனும்தான் அவருக்கு வேண்டியவை. இதை வீட்டில் சமைப்பவர் காதால் கேட்க வேண்டும். கைபேசியில் இருக்கும் படம் அவரிடமே போகும். ரவுண்ட்ஸில் சொன்ன வார்த்தை போகாது.

இடுப்பு முறிந்த முதியவர்களுக்கென்று தனியாக ஒரு படம் அவசியம். அவர்கள் விஷயத்தில் மிகப் பெரிய தவறான எண்ணம், ஆபரேஷனுக்குப் பிறகு அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது. ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்துக் குடும்பம் அவரைப் படுக்கையிலேயே வைத்தால் படுக்கைப்புண், நெஞ்சில் சளி, காலில் ரத்தக்கட்டு எல்லாம் வந்து சேரும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. உடல்நிலை இடம் கொடுத்தால் மறுநாளே உட்காரவைத்து நிற்கவைப்பதுதான் இன்றைய நெறி. அடுத்தது, இன்னும் கவனிக்கப்படாதது: நின்ற இடத்தில் விழுந்து எலும்பு முறிந்தால், தவறு தரையில் மட்டும் இல்லை, எலும்பிலும் இருக்கிறது. 2007-ல் வெளியான ஹொரைசன் ஆய்வில், இடுப்பு முறிவு ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் வருடத்துக்கு ஒரு முறை போடும் ஸோலெட்ரானிக் அமில மருந்தைத் தொடங்கியவர்களுக்குப் புது முறிவுகள் 35 சதவீதமும் மரணம் 28 சதவீதமும் குறைந்தன. ஆனாலும் ஏராளமான முதியவர்கள் இந்தப் பேச்சே எழாமல் வீடு திரும்புகிறார்கள். "எலும்புச் சத்துக்கு என்ன மருந்து தரப் போகிறீர்கள்?" என்று மகனோ மகளோ கேட்கும்படி ஒரு மூன்று நிமிடப் படம் செய்துவிட்டால், அது அடுத்த இடுப்பையும் காக்கும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, சான்று பற்றியது. இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் விளக்கத்தைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட மதிப்பாய்வு 18 ஆய்வுகளையும் 1,463 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு, வழக்கமான கவனிப்பைவிட அது பதற்றத்தையோ வலியையோ பெரிதாகக் குறைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அப்படியானால் எதற்கு இந்த உழைப்பு? இது மதிக்க வேண்டிய கேள்வி. என் பதில் இரண்டு. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் யோசித்து, விசாரித்து, தயாராகி வந்தவர்கள். வழக்கமான கவனிப்பிலேயே அவர்களுக்கு விளக்கம் ஓரளவு கிடைத்திருக்கும். திடீரென்று விழுந்தவருக்கும் அவர்களுக்கும் தூரம் அதிகம். அடுத்து, பதற்றம் குறைகிறதா என்பது வீடியோவை அளக்கும் சரியான கோல் ஆகாது. அறிவு கூடுகிறதா என்று பார்த்தால் விடை தெளிவாகவே இருக்கிறது: முடிவெடுக்க உதவும் விளக்கக் கருவிகளைப் பற்றி 2017-ல் வந்த இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வு, 105 ஆய்வுகளில் 31,000-க்கு மேற்பட்டவர்களைப் பார்த்து, அவை நோயாளியின் அறிவைக் கூட்டுகின்றன என்று உறுதியாகச் சொன்னது. முழங்காலுக்குள் சிறு கேமராவை விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பிக்கு முன் வீடியோ பார்த்தவர்கள் விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று 2005-லேயே ஒரு ஆய்வு காட்டியது. வீடியோவால் எலும்பு சீக்கிரம் சேரும் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். அதற்குச் சான்று இல்லை. தன் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று ஒருவர் தெரிந்துகொள்வது, வேறு எந்தப் பலனையும் காட்டி நியாயப்படுத்த வேண்டாத உரிமை என்று மட்டும் சொல்வேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. வீடியோ வந்துவிட்டால் மருத்துவர் பேசுவதை நிறுத்திவிடுவார்; "படம் பார்த்தீங்களா, இங்க கையெழுத்துப் போடுங்க" என்பதோடு முடிந்துவிடும். இந்த ஆபத்து நிஜம். நெரிசல் மிகுந்த எந்தப் பிரிவிலும், நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு கருவி பொறுப்பையும் மிச்சப்படுத்தப் பயன்படும். அதனால் படத்தையும் கையெழுத்தையும் பிரித்தே வைக்க வேண்டும். படம் முதலில், பேச்சு பிறகு, கையெழுத்து கடைசியில். படம் பார்த்ததை யாரும் சம்மதமாகக் கணக்கில் எழுதக் கூடாது. பேச்சின்போது "புரிந்ததா" என்று கேட்கவே கூடாது. நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: மரியாதைக்காகத் தலையை ஆட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதில் விடுபட்டதை நாம் நிரப்ப வேண்டும். இப்படிச் செய்தால் வீடியோ பேச்சைக் குறைக்காது. ஒரே பொது விஷயத்தை நாளெல்லாம் திரும்பச் சொல்லும் களைப்பிலிருந்து மருத்துவரை விடுவித்து, கேட்பதற்கு அவருக்கு நேரம் தரும்.

மூன்றாவது, முதியவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் கைபேசி இல்லாதவர்களுக்கும் இது எப்படிப் போய்ச்சேரும் என்பது. படிக்காதவருக்குக் காகிதத்தைவிட வீடியோதான் நெருக்கம். அதைப் பார்க்க எழுத்தறிவு தேவையில்லை. கைபேசி இல்லாதவருக்குத் துணையிருப்பவரின் கைபேசி இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் வார்டிலேயே ஒரு டேப்லெட் போதும். காது மந்தமானவருக்கு முக்கியமான சொற்கள் மட்டும் பெரிய எழுத்தில் வேண்டும். பார்வை மங்கியவருக்குப் பேச்சே தனியாக நின்று பொருள் தர வேண்டும். மொழி விஷயத்தில் வீடியோ செய்யும் உதவி பெரியது. தமிழ்நாட்டின் கட்டடங்களிலும் ஆலைகளிலும் அடிபட்டு வருபவர்களில் இந்தி, வங்காளம், ஒடியா பேசும் தொழிலாளிகள் பலர். அவர்களிடம் இப்போது சைகையாலும், பக்கத்துப் படுக்கைக்காரரின் அரைகுறை மொழிபெயர்ப்பாலும் பேசுகிறோம். ஒரு படத்துக்கு நான்கு மொழிகளில் குரல் கொடுப்பது கடினமான காரியமல்ல. நள்ளிரவில் ஒடியா தெரிந்த மருத்துவரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம்.

நான்காவது, இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே, மருத்துவமனை ஏன் படம் எடுக்க வேண்டும் என்பது. கிடைக்கிறது என்பதே காரணம். நோயாளியும் குடும்பமும் படுக்கையில் இருந்தபடியே தேடுகிறார்கள். ரத்தமும் சுத்தியலுமாகத் தியேட்டர் காட்சிகள் வருகின்றன; ஆபரேஷனே வேண்டாம், எங்கள் எண்ணெயும் கட்டும் போதும் என்ற படங்கள் வருகின்றன; வேறு ஆபரேஷன் செய்துகொண்டவர் இரண்டாம் நாள் நடக்கும் காட்சியைப் பார்த்து, ஊன்றவே கூடாத காலை ஊன்றுகிறார்கள். ஆந்திராவின் புத்தூருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் கட்டுப் போடப் போகின்றன. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை. செலவும், கத்தி பற்றிய அச்சமும், தங்கள் மொழியில் பொறுமையாகப் பேசும் ஒருவர் கிடைப்பார் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் மக்களை அங்கே கொண்டுபோகின்றன. எந்த முறிவு கட்டிலேயே சேரும், எது சேராது, திறந்த புண்ணின் மேல் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று மரியாதையோடு விளக்கும் படத்தை நாம் எடுக்காமல் விட்டால், அந்த இடத்தை வேறு குரல்கள் நிரப்பும். நம் படத்தில் நம் வார்டின் சிஸ்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் முகம் காட்டிப் பேச வேண்டும். நோயாளி அன்றாடம் பார்க்கும் முகம் சொன்னால் நம்புவார்.

படம் எடுப்பதற்குப் பெரிய பணம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். ஒரு கைபேசி, நல்ல ஒலிவாங்கி, வெளிச்சமான அறை போதும். வசனத்தை அந்த வட்டாரத்துப் பேச்சில் எழுத வேண்டும். எழுதியதைச் சில நோயாளிகளிடம் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டுத் திருத்திய பிறகே பதிவு செய்ய வேண்டும். ஆபத்தைச் சொல்லும்போது "சில சமயம்", "அரிதாக" என்று மழுப்பாமல், நூறு பேரில் எத்தனை பேருக்கு என்று, அந்தப் பிரிவின் சொந்தக் கணக்கிலிருந்து சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு இல்லையென்றால் முதலில் அதை வைக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் எடுத்த தேதியும் பொறுப்பேற்கும் பிரிவின் பெயரும் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை பார்த்துப் பழையதை நீக்க வேண்டும். மருத்துவ நெறிகள் மாறுகின்றன. ஒரு காலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது என்றோம். இன்று பலருக்கு மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்கிறோம். தேதியில்லாத படம் நேற்றைய மருத்துவத்தை நாளைய நோயாளிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தது. அந்த நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை அரசு புரிந்துகொண்டதற்கு அது அடையாளம். அதற்குப் பின்னால் வரும் ஐந்தாறு மாதங்களுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். உலோகத்துக்கும் தியேட்டருக்கும் மருந்துக்கும் கணக்கு ஒதுக்கும் நாம், அவை வீணாகாமல் காக்கும் விளக்கத்துக்கு ஒரு ரூபாயும் ஒரு பணியாளரும் ஒதுக்குவதில்லை. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியின் எலும்பு முறிவுப் பிரிவும் ஆறு படங்கள் எடுத்து, ஒன்றையொன்று பார்த்துத் திருத்தி, மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கொடுத்தால் ஒரு வருடத்தில் இந்த வேலை முடிந்துவிடும். பயிற்சி மருத்துவர்களுக்குத் தையல் போடக் கற்றுக்கொடுப்பது போலவே, படம் முடிந்ததும் நோயாளியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும், தேர்விலும் கேட்க வேண்டும். ஏ.ஓ. குழுவின் நான்காவது விதியை நிறைவேற்றும் பொறுப்பை நாம் நோயாளியின் தலையில் வைத்திருக்கிறோம். அதை எப்படி நிறைவேற்றுவது என்று அவருக்குப் புரியும் மொழியில், அவருக்குத் தேவைப்படும் நாளில் சொல்லிக்கொடுக்காத வரை, நம் ஆபரேஷன் பாதியில்தான் நிற்கிறது.